எண் ஒன்று, தோட்டா இரண்டு

நம் சங்கத்துக் குடும்பங்களுள் துப்பாக்கி உரிமம் பெற்றோர் மிகச் சிலரே. ஆயினும் படையிலிருந்து ஓய்வு பெற்று வங்கிக் காவலுக்குச் செல்வோரும், தந்தையார் வைத்திருந்த ரிவால்வரை வாரிசு முறையில் பெற்றோரும் சித்தூரிலோ மூணாற்றிலோ பீருமேட்டிலோ இருத்தல் கூடும். அவர்கள் பொருட்டும், அவர்களோடு ஒரே கூரையின் கீழ் வாழும் இல்லத்தார் பொருட்டும் இம்மாதக் குறிப்பை எழுத முற்பட்டேன். ரிவால்வர் வாங்குங்கால் பத்துப் பேரைக் கலந்து ஆலோசிப்பவர், அதற்குத் தோட்டா வாங்குங்கால் கடைக்காரரிடம் ஓர் எண்ணை மட்டும் சொல்லிவிட்டு வந்துவிடுகிறார். அவ்வெண் மட்டும் போதாது என்பதே யான் கூற விழைவது.

நம் நாட்டில் பொதுமக்கள் உரிமத்தோடு வைத்திருக்கும் சிறிய ரிவால்வர்களுள் மிகவும் வழக்கிலுள்ளது .32 அளவாகும். கான்பூரில் செய்யப்படும் ரிவால்வரும், 2014-ஆம் ஆண்டில் அந்நகரிலேயே வெளியிடப்பட்ட, ஏறக்குறைய 500 கிராம் எடையுள்ள ‘நிர்பீக்’ என்னும் இலேசான ரிவால்வரும் இவ்வளவினவே. இவற்றிற்குரிய தோட்டா ‘.32 ஸ்மித் அண்ட் வெஸன் லாங்’ எனப்படும். இது 1896-இல் அமெரிக்காவில் தோன்றியது. பின்னர் 1899-இல் பிரௌனிங் என்பார் பிஸ்டலுக்கென்றே ஒரு தோட்டாவை வகுத்தார். ‘.32 ஏ.சி.பி.’ என்பது அதன் பெயர். நம் நாட்டு ‘அசானி’ பிஸ்டல் இதனையே ஏற்கும். பேச்சு வழக்கில் இரண்டும் ‘முப்பத்திரண்டு’தான். 7.65 மில்லிமீட்டர் என்னும் பெயரும் இரண்டிற்குமே வழங்குவதால், அதனைச் சொல்லிக் கேட்பதாலும் குழப்பம் தீராது.

இரண்டையும் அருகருகே வைத்து நோக்கின் வேறுபாடு விளங்கும். ரிவால்வர்த் தோட்டாவின் பித்தளைக் கூடு ஏறத்தாழ 23 மில்லிமீட்டர் நீளம். பிஸ்டல் தோட்டாவின் கூடு 17 மில்லிமீட்டரே. முன்னதன் அடியில் விளிம்பு நன்கு புடைத்திருக்கும். பின்னதன் அடியில் ஒரு பள்ளம் ஓடும். விளிம்பு சிறிதளவே வெளியே நீண்டிருக்கும். அச்சிறு விளிம்பே ஆபத்திற்கு வழியாகின்றது. அதன் துணையால் பிஸ்டல் தோட்டா சில ரிவால்வர்களின் அறைகளில் பொருந்தியது போல் அமர்ந்துவிடும். ஆனால் அது வெடிக்குங்கால் எழும் அழுத்தத்திற்கு வகுக்கப்பட்ட உச்ச வரம்பு, ரிவால்வர்த் தோட்டாவிற்குரியதைக் காட்டிலும் மூன்றில் ஒரு பங்கிற்கு மேல் அதிகம். பாட்டனார் காலத்து வெப்லி போன்ற முதிய இரும்பு அவ்வழுத்தத்தைத் தாங்கும் என எவர் உறுதி கூற இயலும்? உருளை பிளந்தால் முதலில் இழப்பது சுடுபவரின் விரல்களையும் கண்ணையுமே.

ஆகவே, வாங்கு முன் இரண்டு எழுத்துக்களைப் படித்தல் வேண்டும். ஒன்று, ரிவால்வரின் குழலில் பொறித்திருப்பது. மற்றொன்று, தோட்டாவின் அடியில் பொறித்திருப்பது. இரண்டும் ஒத்திருந்தால் அன்றி அறையில் இடலாகாது. 1878-இல் வந்த ‘.32 ஸ்மித் அண்ட் வெஸன்’ என்னும் குட்டைத் தோட்டா ஒன்றும் உண்டு. நீண்டதற்கென அமைந்த ரிவால்வரில் குட்டையானதை இடலாம். குட்டையானதற்கென அமைந்த பழைய ரிவால்வரில் நீண்டதைப் புகுத்தலாகாது. குழலின் எழுத்துத் தேய்ந்திருந்தால், உரிமம் பெற்ற துப்பாக்கிப் பழுது பார்ப்பவரிடம் காட்டி அறிதலே முறை. மருந்து மீண்டும் நிரப்பிய தோட்டா என்று எவரேனும் மலிவாகத் தந்தால் கைகூப்பி மறுத்துவிடுக.

அடுத்தது ஈரம். இடுக்கியில் மாதக்கணக்கில் பெய்யும் மழையைப் பற்றி நமக்கு யாரும் கூற வேண்டுவதில்லை. தோட்டாவைத் தோலுறையிலேயே நெடுநாள் வைத்திருந்தால் பித்தளையில் பச்சைக் களிம்பு ஏறும். துரு வாராதிருக்க என்று எண்ணெய் தடவினால், அது அடியிலுள்ள கேப்பினுள் கசிந்து மருந்தைக் கெடுக்கும். உலர்ந்த, மூடியுள்ள பெட்டியே தக்க இடம். களிம்பு ஏறியதும், குண்டு கூட்டினுள் தளர்ந்து ஆடுவதும் ஆகிய தோட்டாக்களைப் பயன்படுத்தலாகாது. இலேசான ரிவால்வர் கையில் வலிந்து உதைக்கும். அவ்வதிர்ச்சியில் தளர்ந்த குண்டு முன்னே நகர்ந்து உருளையைச் சுழலவொட்டாமல் தடுத்துவிடும்.

பயிற்சிக் களத்தில் விசையை இழுத்தும் வெடியாவிடில், குழலைப் பாதுகாப்பான திக்கிலேயே நிறுத்தி அரை நிமிடமாவது பொறுத்திருக்க வேண்டும். தாமதித்து வெடிப்பதும் உண்டு. ஓசை வழக்கத்திற்கு மாறாக மெலிந்து ஒலித்தாலோ, அடுத்த தோட்டாவைச் சுடவே கூடாது. முன்னைய குண்டு குழலினுள் சிக்கியிருக்கலாம். பின்னால் வருவது அதன்மீது மோதின் குழல் வெடிக்கும்.

2022-இல் கேரள அரசு, பயிரை அழிக்கும் காட்டுப்பன்றிகளைச் சுடுவிக்கும் அதிகாரத்தை உள்ளாட்சித் தலைவர்களுக்கு அளித்தது முதல், ‘நம் ரிவால்வர் இதற்கு உதவாதா?’ என்னும் எண்ணம் சிலர்க்கு எழக்கூடும். உதவாது. ஆறு கிராம் அளவேயுள்ள ஈயக் குண்டு பன்றியை வீழ்த்துவதினும் புண்படுத்திச் சினமூட்டுவதே எளிது. இலக்குத் தவறின் அதே குண்டு லயத்து வீட்டின் மெல்லிய சுவரைக் கடந்து அயலார் குழந்தையைத் தாக்கவும் வல்லது.

இறுதியாக, எல்லையில் வாழும் நமக்கே உரிய செய்தி ஒன்று. வாளையாறும் போடிமெட்டும் குமுளியும் நமக்கு அன்றாட வழிகள். ஆனால் உரிமத்திற்கு அவை எல்லைகள். ஆயுதம் எப்பகுதியில் செல்லுபடியாகும் என்பதும், எத்தனை தோட்டா வைத்திருக்கலாம் என்பதும் உரிமத்தில் எழுதப்பட்டிருக்கும். கேரளத்திற்குள் மட்டும் செல்லும் உரிமத்தோடு கோயம்புத்தூர்க்கோ தேனிக்கோ ரிவால்வரைக் கொண்டு செல்வது 1959-ஆம் ஆண்டு ஆயுதச் சட்டத்தின்படி குற்றமாகும். ஊர்த் திருவிழாவிற்குப் புறப்படுமுன் பையை ஒருமுறை உதறிப் பார்த்தல் நலம்; மறந்துபோன ஒற்றைத் தோட்டாவும் தோட்டாவே.

வீட்டில் பழைய தோட்டாக்கள் கிடப்பின், தாய்மார்களே, அவற்றைக் குப்பையிலோ அடுப்பிலோ எறியாதீர்கள். உரிமப் புத்தகத்தோடு காவல் நிலையத்திற்குச் செய்தி அனுப்பி, அவர்கள் கூறும் வண்ணம் ஒப்படைத்துவிடுங்கள்.