பாதையைத் தெரிவு செய்வோம்

பாதையைத் தெரிவு செய்யும் உரிமை எமக்கு நெடுங்காலம் வாய்த்ததில்லை. ஆனையிறவு வழி அடைபட்டிருந்த நாட்களில் கிளாலிக் கடல்நீரேரியை இரவு வேளைகளில் வள்ளங்களிற் கடந்தோம். 1995 ஒக்ரோபர் இறுதியில் வலிகாமத்தை விட்டு வெளியேறியபோது நாவற்குழி நோக்கிய வீதியில் இலட்சக்கணக்கானோராய் நெருக்குண்டு நின்றோம். அதன்பின் ஐரோப்பாவுக்கு வந்து சேர்ந்த வழியையும் நாம் தீர்மானிக்கவில்லை. பயண முகவரே தீர்மானித்தார்.

இன்று பலெர்மோவில் வாழும் எம்மவரிற் பலரிடம் சொந்த வாகனம் உண்டு. வீட்டுப்பணி புரிவோருக்கு ஞாயிறும் வியாழன் பிற்பகலும் ஓய்வாகக் கிடைப்பது இந்நாட்டு வழமை. எனினும் எமது வாகனங்கள் செல்லும் திசைகள் மிகச் சில. சைவரும் கத்தோலிக்கரும் வேறுபாடின்றிப் பெல்லெகிறீனோ மலையேறிப் புனித றொசாலியாவை வழிபடுகின்றோம். உறவினரை அழைத்துவர விமான நிலையம் செல்கின்றோம். நீண்ட விடுமுறை கிடைத்தால் அதிவேகப் பாதையிலே வடக்கு நோக்கி விரைகின்றோம். சுவிஸ் நாட்டுச் சுரங்கப் பாதைகளை எண்ணிச் சொல்லும் எம் பிள்ளைகள், தாம் பிறந்த நகரிலிருந்து முப்பது கிலோமீற்றர் தொலைவில் என்ன இருக்கின்றது என்பதை அறியார்.

அதிவேகப் பாதைகளை நாம் பழிக்கவில்லை. அவற்றுக்கும் சொல்வதற்கு வரலாறு உண்டு. விமான நிலையத்துக்குச் செல்லும் ஏ29 பாதையில், கப்பாச்சி என்னும் இடத்தில், இருமருங்கும் உயர்ந்து நிற்கும் செந்நிறத் தூண்களை எம் பிள்ளைகள் பலமுறை கடந்திருப்பர். 1992 மே 23 இல் மாபியாக்கள் வைத்த குண்டுக்கு நீதிபதி ஜியோவானி பல்கோனேயும் அவரது துணைவியாரும் மெய்க்காவலர் மூவரும் பலியான இடம் அது. இதனை எத்தனை பெற்றோர் எடுத்துச் சொல்லியிருக்கின்றோம்? விரைவாகச் செல்லும் வழியில் எதனையும் நின்று பார்க்க முடிவதில்லை. நின்று பாராததைப் பிள்ளைகளுக்குச் சொல்லவும் தோன்றுவதில்லை.

ஆகவே உட்பாதைகளைத் தெரிவு செய்வோம் என்கின்றோம். அவற்றுள் முதலாவதாக நாம் பரிந்துரைப்பது, பலெர்மோவிலிருந்து அல்தொபொன்தே ஊடாக மலையேறும் வழியாகும். ஏறக்குறைய 25 கிலோமீற்றர் சென்றதும் ஓர் ஏரியும் அதன் மேலே ஓர் ஊரும் தென்படும். அதன் பெயர் பியானா தெலி அல்பனேசி. 'அல்பேனியரின் சமவெளி' என்பது அதன் பொருள்.

ஒஸ்மானியப் படைகளுக்குத் தப்பிக் கடல் கடந்து வந்த அல்பேனிய அகதிகளுக்கு, 1488 இல் மொன்றியாலே பேராயரின் நிலத்திற் குடியேற அனுமதி கிடைத்தது. அவர்கள் அமைத்த ஊரே இது. ஐந்நூறு ஆண்டுகளுக்கு மேல் கடந்துவிட்டன. இன்றும் அவ்வூர் மக்கள் தம் வீடுகளில் தம் மொழியைப் பேசுகின்றனர். வீதிப் பெயர்கள் இரு மொழிகளில் எழுதப்பட்டுள்ளன. உயிர்த்த ஞாயிறன்று பெண்கள் பொன்னிழை வேலைப்பாடமைந்த மரபு உடை அணிந்து, பைசாந்திய முறையில் வழிபடும் கோயிலுக்குச் செல்கின்றனர். அவர்களது மொழி உள்ளிட்ட சிறுபான்மை மொழிகளுக்கு இத்தாலிய அரசு சட்டப் பாதுகாப்பு அளித்தது 1999 இலேதான். அதற்கு முந்திய ஐந்து நூற்றாண்டுகள் அம்மொழியைக் காத்தது சட்டமன்று. அவ்வூரின் தாய்மாரும் பாட்டிமாருமே.

அதே நாளில் இன்னோர் ஊரையும் பார்த்தல் வேண்டும். பியானாவிலிருந்து பிக்கூட்சாக் காட்டின் பக்கமாகச் சென்றால், 1,613 மீற்றர் உயரமுள்ள றொக்கா புசாம்ப்ரா மலையின் அடியில், பூர்போன் மன்னர் பேர்டினண்ட் கட்டிய வேட்டை மாளிகை நிற்கின்றது. அதன் முன்னுள்ள புற்றரை குழந்தைகள் ஓடி விளையாடவும் கட்டிக் கொண்டுவந்த சோற்றை உண்ணவும் ஏற்றது. அங்கிருந்து மெட்சொயூசோ அதிக தொலைவில் இல்லை. அவ்வூரிலும் அல்பேனியர் குடியேறினர். ஊர்ச் சதுக்கத்தில் இலத்தீன் முறைக் கோயிலும் கிரேக்க முறைக் கோயிலும் அருகருகே நிற்கின்றன. முன்னோரின் வழிபாட்டு முறை இன்றும் அங்கு வழக்கில் உள்ளது. ஆனால் முன்னோரின் மொழியை அங்கு எவரும் வீட்டு மொழியாகப் பேசுவதில்லை.

இவ்விரு ஊர்களையும் ஒரே நாளிற் பார்க்கும் தமிழ்க் குடும்பம் வீடு திரும்பும் வழியிற் பேசுவதற்கு வேறு பொருள் வேண்டியதில்லை. கோயில் நிலைத்திருக்க மொழி அழியக்கூடும் என்பதை மெட்சொயூசோ காட்டுகின்றது. புலம்பெயர்ந்த நாடுகளில் நாம் கோயில் எழுப்புகின்றோம், தேர் இழுக்கின்றோம், ஆண்டு விழாக்களில் மேடை அலங்கரிக்கின்றோம். இவை வேண்டியவையே. ஆயினும், அம்மா தமிழிற் கேட்பதற்குப் பிள்ளை இத்தாலிய மொழியில் விடை சொல்லும் வீட்டில், மொழியின் ஆயுள் இன்னும் ஒரு தலைமுறை மட்டுமே. மறுபுறத்தில், சிறிய இனமாயினும், தன் நாட்டுக்குத் திரும்ப முடியாத இனமாயினும், ஐந்நூறு ஆண்டுகள் பேசிக்கொண்டே இருக்கலாம் என்பதற்குப் பியானா சாட்சி.

அவ்வூர் மக்கள் ஒதுங்கி வாழ்ந்து மொழியைக் காத்தார்கள் என்று எவரும் கருதற்க. பியானாவுக்கு அருகே போர்த்தெல்லா தெல்லா ஜினெஸ்த்ரா என்னும் மலைக் கணவாய் உள்ளது. 1947 மே தினத்தன்று அங்கு கூடிய விவசாயிகள் மீது ஜூலியானோ கொள்ளைக் கூட்டத்தினர் சுட்டதில் 11 பேர் மாண்டனர். பியானாவின் அல்பேனியரும் அயலூர்ச் சிசிலியரும் நிலவுரிமைக்காக ஒன்றாகவே கூடியிருந்தனர். தம் மொழியைப் பேணியபடியே அயலவரின் துன்பத்திலும் போராட்டத்திலும் பங்குகொள்ளலாம் என்பதற்கு அங்கு நடப்பட்டுள்ள கற்களே சான்று.

செல்வோர் கவனிக்க வேண்டியவை சில. மாகாணப் பாதைகள் ஒடுங்கியவை. பல இடங்களில் மண்சரிவினாற் சிதைந்தவை. வரைபடம் காட்டும் நேரத்தை நம்பாது இரட்டிப்பு நேரம் ஒதுக்குக. எரிபொருளை நகரிலேயே நிரப்புக. பிற்பகலிற் கடைகள் பூட்டப்படும். பங்குனி முதல் வைகாசி வரை வயல்கள் பசுமையாகவும், சுல்லாச் செடிகள் செந்நிறமாய்ப் பூத்தும் இருக்கும். ஆடி, ஆவணியில் எல்லாம் காய்ந்து, காட்டுத் தீ அச்சமும் உண்டு. முதியவரைப் பராமரிக்கும் இரவுப் பணி முடித்து வந்தவர் அன்றைக்கே வாகனம் ஓட்டுதல் ஆகாது. பியானா மட்டுமெனில் வியாழன் பிற்பகல் போதும். மெட்சொயூசோவும் சேர்த்தால் ஞாயிறு முழுவதும் வேண்டும்.

பழகிய பின் தொலைவு செல்லலாம். 1906 இல் தொடங்கிய தார்கா புளோரியோ மோட்டார்ப் பந்தயம் நடந்த மதோனியே மலைப் பாதைகள் உண்டு. 1968 நிலநடுக்கத்தில் அழிந்து, இடிபாடுகள் மீது வெண்ணிறச் சீமெந்து போர்த்தப்பட்ட பழைய ஜிபெல்லினா உண்டு. கோடையில் பாரிசிலிருந்தும் சூரிச்சிலிருந்தும் வரும் எம் உறவினரையும் கடற்கரையோடு நிறுத்திவிடாது இவ்வழிகளில் அழைத்துச் செல்வோம்.

எம் பிள்ளைகளுக்கு இரு நிலங்கள் உரியன. ஒன்றைக் கதையிற் கேட்கின்றனர். மற்றதை வாகனக் கண்ணாடியூடாக, மணிக்கு நூறு கிலோமீற்றர் வேகத்தில் கடக்கின்றனர். வரும் ஞாயிறன்று அதிவேகப் பாதையின் நுழைவாயிலுக்குத் திரும்பாது மலைப்பக்கம் திரும்புவோம். வாகனத்தினுள் தமிழிற் பேசிக்கொண்டே செல்வோம்.