ரேகை பொய் சொல்லாது, சரி. பார்க்கிறவர்?

நம்ம படங்கள்ல கைரேகை நிபுணர் வந்து "மேட்ச் ஆயிடுச்சு சார்"னு சொன்னா கேஸ் முடிஞ்சது. நிஜத்துலயும் நம்மள்ல பல பேர் அப்படித்தான் நம்பறோம். ஒருத்தர் ரேகை இன்னொருத்தருக்கு இருக்காதாமே, அப்புறம் என்ன சந்தேகம்?

ரெண்டு கேள்வியை ஒண்ணாப் போட்டுக் குழப்பிக்கறோம்னு நான் நினைக்கிறேன். விரல் தனித்துவமானதா என்பது ஒண்ணு. பையிலயோ கதவுலயோ பாதி அழிஞ்சு கிடக்கிற தடம் யாருடையதுன்னு ஒரு மனுஷரால தப்பில்லாம சொல்ல முடியுமா என்பது வேற.

வகைப்படுத்தறதையே எடுத்துக்குங்க. நம்மூர்ல விரல் நுனியைப் பார்த்து சங்கு, சக்கரம்னு எண்ணுவாங்களே, கிட்டத்தட்ட அதே வேலைதான். 1890கள்ல கல்கத்தாவுல அஸிஸுல் ஹக், ஹேம் சந்திர போஸ் ரெண்டு பேரும் உழைச்சு உருவாக்கின முறை, எந்தெந்த விரல்ல சுழி இருக்குன்னு பார்த்து 1,024 பிரிவாப் பிரிச்சது. (பேர் மட்டும் மேலதிகாரி ஹென்றிக்கு!) ஆனா அதுக்குப் பத்து விரலும் தெளிவா வேணும். திருடன் பத்து விரலையும் மையில தொட்டு வெச்சுட்டா போறான்? இப்ப கம்ப்யூட்டர் தேடுது. அதுவும் 'இவங்க யாராவது இருக்கலாம்'னு ஒரு பட்டியல்தான் தரும். முடிவு மனுஷக் கண்ணுதான்.

அந்தக் கண்ணு எப்படி ஏமாறும்? 2004 மார்ச்சில் மாட்ரிட் ரயில் குண்டுவெடிப்பு. டெட்டனேட்டர் இருந்த பையில ஒரு தடம். எஃப்.பி.ஐ. கம்ப்யூட்டர் தந்த 20 பேர்ல நாலாவதா ஓரிகன் வக்கீல் பிராண்டன் மேஃபீல்ட். மூணு நிபுணர்கள் இவர்தான்னு அடிச்சுச் சொன்னாங்க. ஸ்பெயின் போலீஸ் ஏப்ரல்லயே 'பொருந்தலை'ன்னுச்சு. கேக்கலை. மே மாசம் உள்ள போட்டாங்க. கோர்ட் நியமிச்ச நிபுணரும் ஆமாம்னார். அதே நாள் ஸ்பெயின் அறிவிச்சது, அது ஒரு அல்ஜீரியருடைய ரேகை! ரெண்டு வாரம் சிறை. 2006ல் மன்னிப்பும் 20 லட்சம் டாலரும்.

பிறகு நடந்த அரசு விசாரணையில வந்த காரணம்தான் முக்கியம். மேஃபீல்ட் ரேகையில பார்த்த புள்ளிகளை, மங்கலான தடத்துல திரும்பத் தேடிக் 'கண்டுபிடிச்சிருக்காங்க'. அவர் இஸ்லாத்துக்கு மாறினவர் என்பதும் மறுபடி யோசிக்க விடாம தடுத்திருக்கலாம்னு அந்த அறிக்கை சொல்லுது.

2006ல் இடியல் ட்ரோர் செஞ்ச ஆய்வு இன்னும் சுவாரஸ்யம். அஞ்சு நிபுணர்கள். முன்னால அவங்களே 'பொருந்துது'ன்னு சொன்ன ரேகைகளையே, "மேஃபீல்ட் கேஸ்ல தப்பாச் சொன்னது இதுதான்"னு சொல்லிக் கொடுத்தாங்க. மூணு பேர் 'பொருந்தலை'ன்னாங்க, ஒருத்தர் 'சொல்ல முடியாது'ன்னார். ஒருத்தர்தான் அசையலை.

ரேகையைக் குப்பையில போடச் சொல்லலை. 2011ல் 169 நிபுணர்களைச் சோதிச்சப்ப, வேற ஆளோட ரேகையைப் பொருந்துதுன்னு சொன்ன தப்பு 0.1%தான். அதே ஆளுடையதை இல்லைன்னு தள்ளினது 7.5%. நல்ல கருவிதான். ஆனா பூஜ்யம் இல்லையே!

அதனால என் கட்சி இதுதான். தடத்துல என்ன தெரியுதுன்னு முதல்ல எழுதி வெச்சுட்டு அப்புறம்தான் சந்தேக ஆசாமி ரேகையைப் பார்க்கணும். ரெண்டாவது நிபுணருக்கு முதல் ஆள் முடிவு தெரியக்கூடாது. கோர்ட்ல '100%'ங்கிற வார்த்தையே வரக்கூடாது. நாலு பேர் ஒரே மாதிரி சொன்னா உண்மைன்னு அர்த்தமில்லை, முதல் ஆளை மத்த மூணு பேரும் பார்த்து எழுதியிருக்கலாம். பரீட்சை ஹால்ல உட்கார்ந்த நமக்குத் தெரியாததா?