ஒரே ஊசியில் நடக்க முடியுமா?

எலும்பு முறிந்தால் கூடும். தோல் கிழிந்தால் ஆறும். முதுகுத்தண்டின் நரம்பு அறுந்தால் தானாக ஒட்டாது. மூளை "நட" என்று சொல்லும்; அந்தச் சேதி காலுக்குப் போய்ச் சேராது.

போலந்து நாட்டில் ஒருவர் 2010-ல் கத்திக்குத்துப் பட்டார். மார்புக்குக் கீழே உடம்பு செயலிழந்தது. பல மாதம் கடுமையாக உடற்பயிற்சி செய்தார். பலன் இல்லை.

2012-ல் டாக்டர்கள் அவருக்கு ஆபரேஷன் செய்தார்கள். வாசனை அறியும் நரம்பு வாழ்நாள் முழுவதும் புதிது புதிதாக முளைக்கும். மூக்கில் உள்ள ஸ்டெம் செல்களே அதற்கு வித்து. முளைக்கும் நரம்புக்கு வழிகாட்டத் துணை செல்கள் உண்டு. அந்தத் துணை செல்களை அவர் உடம்பிலேயே எடுத்து, வளர்த்து, காயத்தில் செலுத்தினார்கள். கணுக்கால் நரம்பில் சில துண்டுகளை எடுத்து, அறுந்த இடத்தில் 8 மில்லிமீட்டர் நீளத்துக்குப் பாலம் போட்டார்கள்.

அதோடு முடிந்ததா? இல்லை! வாரம் 5 நாள், நாளுக்கு 5 மணி நேரம் பயிற்சி தொடர்ந்தது. சட்டத்தைப் பிடித்துக்கொண்டு அவர் நடந்த செய்தி 2014-ல் வெளிவந்தது.

செல், பாலம், பயிற்சி மூன்றையும் சேர்த்துச் செய்த முயற்சி இது. அப்படியும், ஒருவர் நடந்ததாலே அது எல்லோருக்கும் மருந்து ஆகிவிடாது.

"ஒரே ஊசி, எழுந்து நடக்கலாம்" என்று விளம்பரம் செய்வோர் உண்டு. நிலத்தை விற்று அவர்களிடம் கொடுக்காதீர்கள்! இந்தக் காயத்துக்கு ஸ்டெம் செல் சிகிச்சையைப் பரிசோதனையாக மட்டுமே செய்யலாம் என்று இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கவுன்சில் 2017-ல் விதி வகுத்தது.

படுக்கைப் புண் வராமல் காப்பதும், பயிற்சியை விடாமல் செய்யவைப்பதும் குடும்பத்தார் இன்றே செய்யக்கூடிய உதவி.