டாக்டர் பட்டத்துக்குப் பிறகு மறுபடியும் மாணவர்

குறும்பு அழைப்பு என்பது எங்கள் வானொலித் தொழிலில் என்றும் எடுபடும் சரக்கு. குரலை மாற்றிக்கொண்டு, “உங்களுக்குக் கார் பரிசு விழுந்திருக்கிறது” என்று சொன்னால் போதும். எதிர்முனையில் இருப்பவர் நம்பிவிடுவார், நேயர்கள் சிரிப்பார்கள். இதற்கு நேர்மாறாக, உண்மையான அழைப்பைக் குறும்பு என்று நினைத்தவர் ஒருவர் உண்டு. 2009 அக்டோபர் 7ஆம் தேதி, இங்கிலாந்தின் கேம்பிரிட்ஜ் நகரில் அவருடைய சைக்கிள் டயர் பஞ்சர். ஆய்வுக்கூடத்துக்குத் தாமதமாக, எரிச்சலோடு வந்து சேர்ந்தவருக்கு சுவீடனிலிருந்து தொலைபேசி: வேதியியலுக்கான நோபெல் பரிசு உங்களுக்கு என்றார்கள். நண்பர் யாரோ விளையாடுகிறார் என்று எண்ணி, பேசியவரின் சுவீடிஷ் உச்சரிப்பு பிரமாதம் என்று பாராட்டியிருக்கிறார் வெங்கி ராமகிருஷ்ணன்.

அப்போது நான் ஊடகத்துறை படித்துக்கொண்டிருந்த மாணவன். ‘சிதம்பரத்தில் பிறந்த தமிழருக்கு நோபெல்’ என்று நம் வீடுகளில் அன்று பேசாதவர் இல்லை. அவர் 1952-இல் சிதம்பரத்தில் பிறந்தது உண்மைதான். ஆனால் மூன்று வயதிலேயே குடும்பத்தோடு குஜராத்தின் பரோடாவுக்குப் போய்விட்டார். பள்ளியும் கல்லூரியும் அங்கேதான். பரிசு அறிவித்ததும் இந்தியாவிலிருந்து மின்னஞ்சல்கள் வந்து குவிந்ததில் முக்கியமான கடிதங்களைத் தேடி எடுக்கவே முடியவில்லை என்று அவர் வெளிப்படையாக அலுத்துக்கொண்டார். சிதம்பரத்தில் அவருக்குப் பாடம் நடத்தியதாகச் சொல்லிக்கொண்டு ஒருவர் கிளம்ப, மூன்று வயதில் ஊரைவிட்டுப் போனவனுக்கு எப்போது நடத்தினார் என்று கேட்டார். பலருக்கு அவர்மேல் கோபம். எனக்கு அந்தக் கோபத்தில் உடன்பாடில்லை. ஐம்பது பல்கலைக்கழகங்கள் அவரை வேண்டாம் என்றபோது நம்மில் யாரும் கடிதம் போடவில்லையே!

ஆமாம், ஐம்பது. அந்தக் கதைக்குத்தான் வருகிறேன். அதற்கு ஒரு காரணமும் இருக்கிறது.

அண்மையில் எங்கள் நிகழ்ச்சியில் வேலை மாறுவதைப் பற்றிப் பேசினோம். ஓர் அம்மா வாட்ஸ்அப்பில் குரல்பதிவு அனுப்பியிருந்தார். “பொண்ணுக்குப் பேங்க்ல நல்ல வேலை தம்பி. இப்ப அதை விட்டுட்டு மறுபடியும் யூனிவர்சிட்டிக்குப் போய் முதல்லேர்ந்து பயாலஜி படிக்கப் போறாளாம். இருபத்தொன்பது வயசுல இது தேவையா? சொந்தக்காரங்க கேட்டா என்ன சொல்றது?” கடைசிக் கேள்விதான் அவரை அதிகம் வருத்தியது என்று குரலிலேயே தெரிந்தது.

வெங்கியின் வீட்டில் அப்பா, அம்மா இருவரும் விஞ்ஞானிகள். அம்மா ராஜலட்சுமி கனடாவின் மெக்கில் பல்கலைக்கழகத்தில் உளவியலில் முனைவர் பட்டம் பெற்றவர். அப்படிப்பட்ட வீட்டிலும் பையன் டாக்டருக்குப் படிக்க வேண்டும் என்ற ஆசை அப்பாவுக்கு இருந்தது. ஐஐடியிலும் வேலூர் மருத்துவக் கல்லூரியிலும் வெங்கிக்கு இடம் கிடைக்கவில்லை. பரோடா மருத்துவக் கல்லூரியில் கிடைத்தது. ஆனால் அறிவியல் படிப்பதற்கான தேசிய உதவித்தொகை கைக்கு வந்ததும் இயற்பியலுக்குத் தாவிவிட்டார். 1971-இல் இளநிலைப் பட்டம். உடனே அமெரிக்கா. 1976-இல் ஒஹாயோ பல்கலைக்கழகத்தில் இயற்பியலில் முனைவர் பட்டம்.

இதுவரை நம் சொந்தக்காரர்கள் மெச்சும் பாதைதான். அடுத்துச் செய்ததுதான் வேறு. தான் செய்த இயற்பியல் ஆய்வில் அவருக்கு மனம் ஒட்டவே இல்லை. ‘சயன்டிஃபிக் அமெரிக்கன்’ இதழைப் புரட்டினால் மாதாமாதம் உயிரியலில் ஏதாவது பெரிதாக நடந்துகொண்டிருந்தது. முனைவர் பட்டத்தைக் கையில் வைத்துக்கொண்டு, சான் டியேகோவிலிருந்த கலிஃபோர்னியா பல்கலைக்கழகத்தில் உயிரியல் மாணவராகச் சேர்ந்தார். அடிப்படைப் பாடங்களிலிருந்து தொடக்கம். அப்போது அவர் தனி ஆள் இல்லை. திருமணமாகி, மனைவியின் முதல் திருமணத்தில் பிறந்த சிறுமியும் புதிதாகப் பிறந்த மகனும் வீட்டில். பட்டம், குழந்தை, மறுபடியும் வகுப்பறை மூன்றும் அந்த 1976-இல்தான்.

இரண்டு ஆண்டுகளில் போதுமான உயிரியலைக் கற்றுக்கொண்டார். இரண்டாவது முனைவர் பட்டம் வாங்கும்வரை அங்கே உட்காரவில்லை. 1978-இல் யேல் பல்கலைக்கழகத்தில் பீட்டர் மூரிடம் ஆய்வாளராகச் சேர்ந்தார். அங்கேதான் அவர் ரைபோசோமைக் கையில் எடுத்தார். அதற்குப் பிறகு எங்கே போனாலும் அதை விடவில்லை.

ரைபோசோம் என்பதை எங்கள் தொழில் பாஷையில் சொன்னால் எனக்கு எளிதாக இருக்கும். வானொலி நிலையத்தில் மூலப் பிரதி பூட்டிய அலமாரியில் இருக்கிறது, அது டிஎன்ஏ. தேவையான பக்கத்தை மட்டும் நகலெடுத்து அனுப்புகிறார்கள். அது தூது ஆர்என்ஏ. அந்த நகலை வாசிக்கும் அறிவிப்பாளர்தான் ரைபோசோம். மூன்று மூன்று எழுத்தாக வாசிக்கும். ஒவ்வொரு மூன்றுக்கும் ஓர் அமினோ அமிலம். அதை முதுகில் சுமந்துகொண்டு வருவது இன்னொரு சிறிய ஆர்என்ஏ. வந்தவற்றை வரிசையாகக் கோத்தால் புரதம். இரத்தத்தில் ஓடும் ஹீமோகுளோபின், சர்க்கரையைக் கட்டுப்படுத்தும் இன்சுலின், சோற்றைச் செரிக்க வைக்கும் நொதி என எல்லாம் இப்படி வாசித்துக் கோத்தவைதான். பாக்டீரியாவில் இந்த வேலை விநாடிக்குச் சுமார் 20 அமினோ அமிலம் என்ற வேகத்தில் நடக்கிறது. தவறு நேர்வது சில ஆயிரத்துக்கு ஒன்று. செய்தி வாசிக்கும் எனக்கு இந்தக் கணக்கைப் பார்த்தால் பொறாமையாக இருக்கிறது.

இவ்வளவு வேகத்தில் எப்படிப் பிழையில்லாமல் வாசிக்கிறது? அது தெரிய வேண்டுமானால் ரைபோசோமின் வடிவத்தை அணு அணுவாகப் பார்க்க வேண்டும். கற்கண்டு போலப் படிகமாக்கி, எக்ஸ்-ரே கதிரைப் பாய்ச்சி, அது சிதறும் விதத்திலிருந்து வடிவத்தைக் கணக்கிடுவார்கள். இலட்சக்கணக்கான அணுக்கள் கொண்ட ரைபோசோம் ஒழுங்கான படிகமாக அடங்குமா என்று பலர் சந்தேகப்பட்டார்கள். இஸ்ரேலைச் சேர்ந்த அடா யோனத் 1980 வாக்கில் முதல் படிகங்களை உருவாக்கிக் காட்டினார். அவரைக் கனவு காண்பவர் என்று கேலி செய்தவர்கள் உண்டு. 2009 பரிசை வெங்கியோடு பகிர்ந்துகொண்டவர்கள் அவரும் யேல் பல்கலைக்கழகத்தின் தாமஸ் ஸ்டைட்ஸும்.

வெங்கியோ 1980களின் தொடக்கத்தில் வேலை தேடிக்கொண்டிருந்தார். அமெரிக்காவில் ஏறத்தாழ ஐம்பது பல்கலைக்கழகங்களுக்கு விண்ணப்பம் போட்டும் ஆசிரியர் வேலை கிடைக்கவில்லை. டென்னசியின் ஓக் ரிட்ஜ் ஆய்வுக்கூடத்தில் சிறிது காலம் இருந்தார். பிறகு நியூயார்க் அருகே புரூக்ஹேவன் தேசிய ஆய்வுக்கூடத்தில் 1983 முதல் 1995 வரை. அங்கே நிரந்தர வேலை, சம்பளம், வீடு எல்லாம் அமைந்துவிட்டன. ஆனால் தான் கற்றுவைத்திருந்த நியூட்ரான் முறையால் ரைபோசோமை முழுதாகப் பார்க்கவே முடியாது என்று அவருக்குத் தெரிந்துபோனது. என்ன செய்தார்? மறுபடியும் மாணவர். வயது நாற்பதை நெருங்கும்போது, 1991-இல், ஓராண்டு விடுப்பில் கேம்பிரிட்ஜ் போய், எக்ஸ்-ரே படிக ஆய்வை உட்கார்ந்து கற்றுக்கொண்டார்.

கேம்பிரிட்ஜின் அந்த மூலக்கூறு உயிரியல் ஆய்வுக்கூடத்துக்கும் நம் சிங்கப்பூருக்கும் ஓர் உறவு உண்டு. 1961-இல் தூது ஆர்என்ஏவைக் கண்டுபிடித்தவர்களில் ஒருவரான சிட்னி பிரென்னர் அங்கே பல்லாண்டு பணியாற்றியவர். நம் ஊரில் உயிரியல் ஆய்வு காலூன்ற வழிகாட்டியவரும் அவர்தான். 2003-இல் சிங்கப்பூரின் கௌரவக் குடியுரிமை பெற்றார். 2019-இல் காலமானதும் இங்கேதான். பயோபோலிஸ் பக்கம் போகும்போது நினைத்துக்கொள்ளுங்கள்.

வெங்கி 1995-இல் யூட்டா பல்கலைக்கழகத்துக்கு மாறினார். நான்கே ஆண்டுகளில், 1999-இல், சம்பளம் குறைவு என்று தெரிந்தும் கேம்பிரிட்ஜுக்கே போய்ச் சேர்ந்தார். நீண்ட கால ஆய்வுக்குப் பணம் தடைபடாது என்பதுதான் அந்த ஆய்வுக்கூடத்தின் ஈர்ப்பு. ஆண்டுதோறும் விளைவு காட்டாவிட்டால் மானியம் நின்றுவிடும் என்ற பயத்தோடு இத்தகைய வேலையைச் செய்ய முடியாது. நம் நிறுவனங்களில் மூன்று மாதத்துக்கொரு முறை ‘கேபிஐ’ கேட்பவர்களுக்கு இந்தப் பத்தியை வெட்டி அனுப்பலாம்.

2000 செப்டம்பரில் ‘நேச்சர்’ இதழில் ரைபோசோமின் சிறிய பாதியின் வடிவம் வெளிவந்தது. நகலை வாசிப்பது அந்தப் பாதிதான். மூன்று எழுத்துகளில் முதல் இரண்டும் சரியாகப் பொருந்துகின்றனவா என்று ரைபோசோமே கைவிட்டுத் தடவிப் பார்ப்பதுபோல் சோதிக்கிறது என்பதை அடுத்த ஆண்டு அவருடைய குழு காட்டியது. ஸ்ட்ரெப்டோமைசின் போன்ற மருந்துகள் பாக்டீரியாவின் ரைபோசோமில் எந்த இடத்தில் போய் ஒட்டிக்கொண்டு வாசிப்பைக் குழப்புகின்றன என்பதும் தெரிந்தது. காசநோய்க்கு வந்த முதல் பயனுள்ள மருந்து ஸ்ட்ரெப்டோமைசின். வெங்கியின் தங்கை லலிதா ராமகிருஷ்ணனும் கேம்பிரிட்ஜில்தான் இருக்கிறார், காசநோய் ஆய்வாளராக. ராஜலட்சுமி அம்மாவின் வீட்டில் சாப்பாட்டு மேசையில் என்ன பேசியிருப்பார்கள் என்று எனக்கு ஒரு கற்பனை.

இதையெல்லாம் சுருக்கி அந்த நேயருக்குக் குரல்பதிவாக அனுப்பினேன். “எல்லாருக்கும் நோபெல் கிடைக்காதும்மா, அது வேற விஷயம். ஆனா டாக்டர் பட்டம் வாங்கின மனுஷன், கைக்குழந்தையோட, மறுபடி வகுப்புல போய் உக்காந்திருக்கார். அந்த நேரத்துல பரிசு வரும்னு அவருக்கும் தெரியாது” என்று சொன்னேன்.

மறுநாள் பதில் வந்தது. நோபெலைப் பற்றியோ ரைபோசோமைப் பற்றியோ அவர் எதுவும் கேட்கவில்லை. “அந்தப் பொண்டாட்டி என்ன தம்பி சொல்லுச்சு?” என்று மட்டும் கேட்டிருந்தார்.

மனைவியின் பெயர் வேரா ரோசன்பெரி. ஓவியர். குழந்தைகளுக்குக் கதை எழுதிப் படமும் வரைபவர். ஒஹாயோ, சான் டியேகோ, யேல், டென்னசி, நியூயார்க், யூட்டா, கேம்பிரிட்ஜ் என்று நீண்டது அந்தக் குடும்பத்தின் பாதை. அந்த ஊர்ப் பெயர்களை வரிசையாகத் தட்டச்சு செய்து அவருக்கு அனுப்பினேன். இரண்டு நீல டிக் வந்தது. கொஞ்ச நேரம் கழித்து, மகள் சேரப்போகும் படிப்புக்குக் கட்டணம் எவ்வளவு, பாதி நேரமாக வேலை பார்த்துக்கொண்டே படிக்க வழியுண்டா என்று கேட்டு இன்னொரு குரல்பதிவு.