மரணத் தேதி ஏட்டில் இருக்கட்டும்

கும்மிடிப்பூண்டி சிப்காட் தொழிலாளி ஒருவர், மனைவியைப் பறிகொடுத்த சில வாரங்களில் தூக்கம் கெட்டு, படபடப்புடன் தொழிலாளர் காப்பீட்டு (இஎஸ்ஐ) மருந்தகத்துக்கு வந்தால், 'உடல்வலி' என்று எழுதி அனுப்பிவிடுவது எளிது. ஆனால் அது அரைகுறைப் பதிவு. உலக சுகாதார நிறுவனத்தின் ஐசிடி-10 நோய் வகைப்பாட்டுப் பட்டியலில், குடும்பத்தினர் காணாமல்போவதையும் இறப்பதையும் குறிக்க இசட் 63.4 என்ற குறியீடு இருக்கிறது. அது நோயின் பெயரல்ல. உடல்நலத்தைப் பாதிக்கும் சூழ்நிலையின் பதிவு. தூக்கமின்மையோடு அதையும் குறித்தால்தான் அடுத்து பார்க்கும் மருத்துவருக்குக் காரணம் புரியும், விஷயம் மாத்திரையோடு முடியாது. 2022 ஜனவரியில் நடைமுறைக்கு வந்த ஐசிடி-11, ஆறு மாதத்துக்கு மேல் நீடித்து அன்றாட வாழ்வை முடக்கும் துக்கத்தைத் தனிக் கோளாறாக ஏற்றிருக்கிறது. மரணத் தேதியே ஏட்டில் இல்லையென்றால் அந்த ஆறு மாதத்தை எங்கிருந்து எண்ணுவது?

துக்கத்தை நோயாக்குகிறோம் என்பார்கள். இயல்பான துக்கத்தையும் முடக்கும் துக்கத்தையும் பிரித்துப் பார்க்கத்தான் வெவ்வேறு குறியீடுகள். இதைவிடக் கனமானது, விஷயம் ஆலை நிர்வாகத்துக்குத் தெரிந்தால் வேலை போய்விடுமோ என்ற ஒப்பந்தத் தொழிலாளியின் பயம். 2017ஆம் ஆண்டு மனநலப் பராமரிப்புச் சட்டத்தின் 23ஆம் பிரிவு ரகசியம் காக்கும் உரிமையைத் தருகிறது. ஆலைக்குப் போகும் தாளில் ஓய்வு நாட்கள் மட்டும் இருந்தால் போதும். இஎஸ்ஐயின் நோய்க்கால உதவி, 70 சதவீத ஊதியம், ஆண்டுக்கு 91 நாள் வரை, மருத்துவரின் சான்றை நம்பியே கிடைக்கிறது. மருத்துவர்களே, வீட்டில் யாரும் இறந்தார்களா என்று கேளுங்கள். பதிலைத் தேதியோடு எழுதுங்கள்.