பெரியவளானால் விளையாட்டு ஏன் பறிபோக வேண்டும்?



பெண் பிள்ளை பெரியவளாகிவிட்டால் நம் வீடுகளில் என்னென்னவோ செய்கிறோம். தாய்மாமன் சீர், பட்டுப் பாவாடை, மண்டபம், வீடியோ, வரிசைத் தட்டு... உளுந்தங்களி, நல்லெண்ணெய், நாட்டுக்கோழி முட்டை என்று உடம்பைத் தேற்றவும் பார்க்கிறோம். எல்லாம் சரி. ஆனால், அதே வாரத்தில் அவளிடமிருந்து சத்தமில்லாமல் ஒன்றைப் பிடுங்கிக் கொள்கிறோமே, அது யார் கண்ணிலும் படுவதில்லை. அதுதான் விளையாட்டு!

'இனிமே தெருவுல ஓடக் கூடாது, கயிறு தாண்டக் கூடாது, அடக்க ஒடுக்கமா இரு' - இந்த வசனத்தைக் கேட்காமல் வளர்ந்தவர் நம்மில் எத்தனை பேர்? நேற்று வரை கூட ஓடிய அண்ணன் பேட்டைத் தூக்கிக்கொண்டு மைதானத்துக்குப் போகிறான். தங்கை துடைப்பத்தைத் தூக்குகிறாள்.

எங்கள் தெருவில் ஒரு பெண். ஏழாம் வகுப்பு வரை பள்ளிக்கூட கோ-கோ அணியில் இருந்தவள். சடங்கு முடிந்ததும் பாட்டி தடை போட்டு விட்டார். ஆறே மாதத்தில் பிள்ளை அடையாளமே மாறிப் போனது. எப்போதும் தலைவலி, எரிச்சல், சோறு வேண்டாம், யாரோடும் பேச்சு வேண்டாம், கையில் செல்போன். 'வயசுக் கோளாறு' என்றார்கள் சிலர். 'திருஷ்டி' என்றார்கள் சிலர். கடைசியில் அவள் அம்மா அரசு ஆஸ்பத்திரிக்கு அழைத்துப் போனாள். ரத்தம் சோதித்த டாக்டரம்மா, "ரத்தசோகை இருக்கு, மாத்திரை தர்றேன். அது சரி, நீ சாயங்காலம் என்ன பண்ணுவே?" என்று கேட்டாராம். பிள்ளை பதில் சொல்லாமல் அழுதே விட்டாள். "மாத்திரையும் கொடுங்க, விளையாடவும் விடுங்க" என்று சொல்லி அனுப்பினார் அந்த டாக்டர்.

இது ஒரு வீட்டுச் சமாசாரம் அல்ல. 2019-21ல் நடந்த தேசிய குடும்ப நலக் கணக்கெடுப்பின்படி, இந்தியாவில் 15 முதல் 19 வயது வரையுள்ள பெண்களில் 100க்கு 59 பேருக்கு ரத்தசோகை. நம் தமிழ்நாட்டிலும் பாதிக்கு மேல்! முருங்கைக்கீரை, கம்பு, கேழ்வரகு, பேரீச்சை எல்லாம் கொடுக்கிறோம். கூடவே எலுமிச்சையோ நெல்லிக்காயோ சேர்ந்தால்தான் அந்த இரும்புச் சத்து உடம்பில் நன்றாகச் சேரும். சாப்பிட்ட கையோடு டீ குடித்தால் சேராது. பள்ளியில் வாரா வாரம் தரும் இரும்புச் சத்து மாத்திரையைப் பிள்ளை நிஜமாகவே விழுங்குகிறாளா என்பதையும் கேளுங்கள்.

சத்து மட்டும் போதாது. ஓட்டமும் வேண்டும். 5 முதல் 17 வயது வரை தினமும் சராசரியாக 60 நிமிடம் மூச்சு வாங்க ஓடியாட வேண்டும் என்கிறது உலக சுகாதார நிறுவனம். எலும்பு பலப்படுவதெல்லாம் பெரும்பாலும் இந்த வயதில்தான். ஓடவும் குதிக்கவும் செய்தால்தான் அது உறுதியாகும். இப்போது சேர்த்தால் மாதவிலக்கு நிற்கும் வயதில் கை கொடுக்கும். மூட்டுவலி, இடுப்புவலி என்று நாம் படுகிற பாடு போதாதா?

அதே நிறுவனம் 146 நாடுகளின் விவரங்களை ஆராய்ந்து 2019ல் ஒரு அறிக்கை தந்தது. உலகில் 11 முதல் 17 வயதுப் பெண்களில் 100க்கு 85 பேருக்குப் போதிய உடல் உழைப்பு இல்லை. இந்தியாவிலும் வங்கதேசத்திலும் மட்டும் பெண்கள் நிலைமை கொஞ்சம் தேவலையாம். ஏன் தெரியுமா? வீட்டு வேலை அதிகம் செய்வது காரணமாக இருக்கலாமாம்! இதைப் படித்தபோது எனக்குச் சிரிப்பதா அழுவதா என்றே தெரியவில்லை. பாத்திரம் தேய்த்தால் வியர்க்கும், நிஜம்தான். ஆனால், அதில் தோழி உண்டா? சிரிப்பு உண்டா? தோற்றாலும் நாளைக்கு ஜெயிக்கலாம் என்ற தைரியம் உண்டா? உடம்புக்கு வேலை கொடுத்து மனசைப் பூட்டி வைத்தால் அது என்ன ஆரோக்கியம்?

நம் தாய்மார்கள் சொல்லும் காரணங்கள் எனக்கும் தெரியும். 'கறுத்துப் போயிடுவா' என்கிறார்கள். சாயங்கால வெயிலில் யாரும் உருகிப் போய்விட மாட்டார்கள். 'மாதவிலக்கு நாளில் எப்படி?' முடியாத நாளில் உட்காரட்டும். ஆனால், ஓடியாடும் பிள்ளைகளுக்கு அந்த வயிற்றுவலி குறைவதும் உண்டு. 'படிப்பு கெட்டுடும்' என்றால், அந்த ஒரு மணி நேரத்தை டிவியும் செல்போனும் தின்னும்போது கெடாத படிப்பா கோ-கோவில் கெட்டுவிடும்?

'காலம் கெட்டுக் கிடக்கு' என்கிறார்களே, அந்தப் பயம் மட்டும் நியாயமானது. அதற்காகப் பிள்ளையைப் பூட்டி வைப்பதா, தெருவைப் பத்திரமாக்குவதா? எங்கள் தெருவில் ஐந்து தாய்மார்கள் முறை வைத்துக் கொண்டிருக்கிறோம். சாயங்காலம் ஐந்திலிருந்து ஆறு வரை ஒருத்தி பூங்காவில் உட்கார்ந்திருப்பாள். பூக்கட்டுவாள், கீரை ஆய்வாள். எட்டுப் பத்துப் பெண் பிள்ளைகள் அங்கே ரிங் பாலும் கோ-கோவும் ஆடுகிறார்கள். அந்தப் பிள்ளையும் வருகிறாள். முதலில் முணுமுணுத்த பாட்டி, பேத்தி இரண்டு வாய் கூடச் சாப்பிடுகிறாளே என்று இப்போது வாயைத் திறப்பதில்லை. பைசா செலவில்லை.

பள்ளிக்கூடத்தையும் விடாதீர்கள். ஒவ்வொரு பள்ளியிலும் விளையாட்டு மைதானமும் விளையாட்டுச் சாமான்களும் இருக்க வேண்டும் என்பது 2009ம் ஆண்டுக் கல்வி உரிமைச் சட்டத்திலேயே இருக்கிறது. அதே சட்டப்படி அமைந்த பள்ளி மேலாண்மைக் குழுவில் பாதிப் பேர் பெண்கள். சும்மா கையெழுத்துப் போட்டுவிட்டு வராமல், 'பி.டி. பீரியடில் கணக்குப் பாடம் நடத்துகிறீர்களா? பெண் பிள்ளைகளுக்குப் பந்து தருகிறீர்களா?' என்று கேளுங்கள். கேட்டால்தானே பதில் வரும்?

சென்னை கண்ணகி நகர் கார்த்திகாவை நினைத்துப் பாருங்கள். 2025 அக்டோபரில் பஹ்ரைனில் நடந்த ஆசிய இளையோர் போட்டியில் தங்கம் வென்ற நம் நாட்டுப் பெண்கள் கபடி அணியில் ஆடியவர். 'பொண்ணுக்கு எதுக்குக் கபடி?' என்று அந்த வீட்டில் கதவைச் சாத்தியிருந்தால்? எல்லாப் பிள்ளைகளும் பதக்கம் வாங்க வேண்டும் என்று நான் சொல்லவில்லை. தினமும் ஒரு மணி நேரம் வாய்விட்டுச் சிரித்து, வியர்த்து, பசியோடு வீட்டுக்கு வந்தாலே போதும்.

இன்னொன்று. விளையாட விட்ட பிறகும் பிள்ளை வாரக்கணக்கில் தூங்காமல், சாப்பிடாமல், பேசாமல் ஒடுங்கியே கிடந்தால் வேப்பிலை அடிக்க ஓடாதீர்கள். மனநல ஆலோசனைக்கு அரசின் 14416 என்ற இலவச எண் இருக்கிறது. தமிழிலேயே பேசலாம். அதில் வெட்கப்பட ஒன்றுமில்லை.

வீட்டில் பெரியவளான பெண் இருக்கும் சகோதரிகளே, அடுத்த சீருக்குத் தட்டு எண்ணும்போது, அதில் ஒரு தட்டில் ஸ்கிப்பிங் கயிறோ ஒரு பந்தோ வையுங்களேன். என்ன, நான் சொல்வது சரிதானே?

- ஒரு வாசகி, திண்டுக்கல்.