டயரின் காற்றை அளக்க வேண்டிய வேளை

மோட்டார் வண்டிக்கு உறுப்புகள் பல இருப்பினும், சாலையைத் தொட்டு நிற்பவை நான்கு டயர்களே. ஒவ்வொரு டயரும் தரையைத் தொடும் இடம் ஏறத்தாழ விரித்த கையின் அளவினது. வண்டியின் வேகம், திருப்பம், தடை ஆகிய யாவும் அந்தச் சிறு பரப்பையே நம்பியுள்ளன. அங்கே பாரத்தின் பெரும்பகுதியைத் தாங்குவது ரப்பர் அன்று. உள்ளே அடைபட்டிருக்கும் காற்றேயாகும். எனினும், அந்தக் காற்றை அளப்பதில் நம்மிடையே நிலவும் அசிரத்தை வேறெதிலும் இல்லை என்பது என் அபிப்பிராயம்.

சென்னையில் வசிக்கும் என் மைத்துனர் ஒரு கோடையில் தம்முடைய ஸ்போர்ட்ஸ் காரில் பெங்களூருக்கு வந்தார். காலையில் புறப்படுமுன் நான்கு டயர்களிலும் சதுர அங்குலத்துக்கு 30 பவுண்டு வீதம் காற்று நிரப்பியிருந்தார். சுமார் 350 கிலோமீட்டர் ஓடிவந்து, நகர எல்லையில் ஒரு பெட்ரோல் நிலையத்தில் அளந்தபோது மானி 36 காட்டியது. அவர் திடுக்கிட்டு, மிகுதியான காற்றை இறக்கி மீண்டும் 30-இல் நிறுத்தினார். மறுநாள் விடியலில் அளந்தோம்; மானி 25-க்கும் சற்றுக் கீழே நின்றது. “டயரில் எங்கோ ஓட்டை இருக்கிறது” என்றார் அவர். ஓட்டை டயரில் இல்லை. அளந்த முறையில் இருந்தது.

இதன் காரணம் உயர்நிலைப் பள்ளி மாணவர் அறிந்த பௌதிக விதியேயாகும். கன அளவு மாறாதபோது, வாயுவின் அழுத்தம் அதன் தனி உஷ்ணநிலையைப் பின்பற்றி ஏறி இறங்கும். ஆனால் டயர் மானி முழு அழுத்தத்தைக் காட்டுவதில்லை; வெளிக்காற்றின் அழுத்தத்தைவிட உள்ளழுத்தம் எவ்வளவு மிகுதி என்பதையே காட்டுகிறது. கடல்மட்டத்தில் வெளிக்காற்றின் அழுத்தம் 14.7 பவுண்டு. 900 மீட்டருக்கும் மேற்பட்ட உயரத்திலுள்ள பெங்களூரில் அது ஏறத்தாழ 13.2 பவுண்டு.

இனிக் கணக்கிட்டுப் பார்ப்போம். சென்னையில் 30 பாகை உஷ்ணத்தில் மானி 30 காட்டினால், முழு அழுத்தம் 44.7. ஓட்டத்தால் டயரின் காற்று 60 பாகைக்குச் சூடேறியது எனக் கொண்டால், அது 49.1 ஆகிறது. பெங்களூரின் வெளியழுத்தத்தைக் கழித்தால் மானி காட்டுவது ஏறத்தாழ 36. இதை 30-க்கு இறக்கினால் முழு அழுத்தம் 43.2, விடியலில் டயர் 20 பாகைக்குக் குளிரும்போது அது 38 ஆகி, மானியில் 24.8 என நிற்கும். காற்றை இறக்காமல் விட்டிருந்தாலோ, மறுநாள் காலை மானி மிகச் சரியாக 30 காட்டியிருக்கும்! உஷ்ணம் குறைந்ததால் இழந்ததை, ஊரின் உயரம் ஈடுசெய்திருக்கும்.

ஆகவே, கையேட்டில் காணப்படும் எண் வெறும் எண் அன்று. நிபந்தனையோடு கூடிய எண். மொழிபெயர்ப்பாளன் என்ற முறையில் இங்கு ஒன்று சொல்லக் கடமைப்பட்டுள்ளேன். ஆங்கிலக் கையேடுகளில் வரும் ஒரு சொல்லை நாங்கள் “குளிர்ந்த நிலையில்” என்று பெயர்த்து எழுதி நிறுத்திக்கொண்டோம். ஓட்டுநர் சிலர் அதனைக் குளிர்காலம் எனப் பொருள் கொண்டனர். ஒருவர், டயரின் மீது தண்ணீர் ஊற்ற வேண்டுமா என்றே கேட்டார். பிழை அவர்களுடையதன்று. “வண்டி மூன்று மணி நேரமாயினும் நிழலில் நின்ற பின்னர்” என்று விரித்து எழுதியிருந்தால் ஐயத்துக்கு இடமிருந்திராது. சொற்சுருக்கத்தினும் பொருள் தெளிவே முக்கியம்.

கோடையில் டயர் வெடித்துவிடும் என்றஞ்சிக் காற்றைக் குறைத்து அடிக்கும் வழக்கமும் பரவலாக உள்ளது. இது நேர்மாறான மருந்து. காற்று குறைந்த டயரின் பக்கச்சுவர் ஒவ்வொரு சுற்றிலும் அதிகமாக மடங்கி நிமிர்கிறது. அதனால் வெப்பம் பெருகி, ரப்பரும் உள்ளிழைகளும் பிரியத் தொடங்குகின்றன. விரைந்து செல்வதற்கென்றே அமைந்த வண்டியில் இந்த அபாயம் பன்மடங்காகும். காற்று மிகுந்தாலும் தீமையே: டயரின் நடுப்பகுதி மட்டும் தேய்ந்து, சாலைப் பிடிப்பு குறைகிறது.

இருங்காட்டுக்கோட்டைப் பந்தயத் தடத்தில் ஓட்டுபவர்கள் குறைந்த காற்றுடன் தொடங்குகிறார்களே என்று சிலர் வாதிப்பதுண்டு. அவர்கள் டயர் சூடேறிய பின் வேண்டிய அழுத்தத்தை முன்கூட்டியே கணித்துத் தொடங்குகிறார்கள். சில சுற்றுகளுக்கொருமுறை அளந்து திருத்துகிறார்கள். அந்த முறையின் பாதியை மட்டும் பெங்களூரின் வெளிவட்டச் சாலைக்குக் கொண்டுவருவது விவேகமாகாது. நைட்ரஜன் நிரப்பினால் கவலையில்லை என்போருக்கும் ஒரு வார்த்தை: சாதாரணக் காற்றிலேயே 78 சதவீதம் நைட்ரஜன்தான், அதுவும் அதே விதிக்கு உட்பட்டதே.

எச்சரிக்கை விளக்கை மட்டும் நம்பியிருப்பதும் போதாது. 2000-ஆம் ஆண்டில் அமெரிக்காவில் ஃபயர்ஸ்டோன் நிறுவனம் 65 லட்சம் டயர்களைத் திரும்பப் பெற நேர்ந்தது. அதையொட்டிப் பிறந்த சட்டத்தால், அந்நாட்டில் 2007 முதல் புதிய கார்கள் அனைத்திலும் அழுத்தத்தைக் கண்காணிக்கும் கருவி கட்டாயமாயிற்று. ஆயினும், குறித்த அளவுக்கு 25 சதவீதம் குறைந்தால் எச்சரிக்க வேண்டும் என்பதே அவ்விதி. 30 பவுண்டுக்கு அது 22.5 ஆகும். என் மைத்துனரின் டயர் 24.8-இல் நின்றது, அவ்வளவில் அந்த விளக்கு எரியக் கடமைப்பட்டதன்று.

செய்ய வேண்டியவை மிகச் சிலவே. ஓட்டுநரின் கதவருகே ஒட்டப்பட்டுள்ள அட்டவணையைப் பின்பற்றுக; டயரின் பக்கச்சுவரில் பொறித்த எண் உச்ச வரம்பேயன்றிப் பரிந்துரை அன்று. முன் டயருக்கும் பின் டயருக்கும் அளவு வேறுபடலாம். போர்ஷே 911 போன்ற, இயந்திரம் பின்புறம் அமைந்த வண்டிகளில் இது மிகவும் முக்கியம். மாதம் ஒருமுறையும், நெடும்பயணத்துக்கு முன்னும், வண்டியை எடுப்பதற்கு முன்னரே அளக்க வேண்டும். சூடான டயரிலிருந்து காற்றை இறக்கலாகாது.

கள ஊழியர் செல்லும் ஒவ்வோர் அரசாங்க ஜீப்பிலும் சொந்தமாக ஒரு மானி இருத்தல் வேண்டும் என்பது என் கோரிக்கை. ஆசிரியர்களோ, ஒரு சைக்கிள் டயரைக் காலையில் ஒருமுறையும், நண்பகல் வெயிலில் வைத்து ஒருமுறையும் மாணவரைக் கொண்டே அளக்கச் செய்யலாம். அந்த மாணவன் நாளை வண்டி ஓட்டும்போது, கரும்பலகையில் எழுதிய விதியை நினைவுகூர்ந்து, காற்றை இறக்கப் போகும் கையைச் சற்று நிறுத்துவானாயின், நம் பாடம் பயன்பட்டதாகும்.